அவகாசமும் ஒரு ஸதகா

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வருஷக் கடைசி மழை கறுத்துக்கொண்டு வரும் நாளில், கரையோர ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி இந்நாட்டுக்கு வந்த குடும்பத்தாரின் நெஞ்சில் பழைய நினைவொன்று தலைதூக்காமல் இராது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லுகிறோம். சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் பூமி பிளந்து எழுந்த அலை, அச்சேக் கரையை முதலில் விழுங்கிற்று. இந்நாட்டிலும் பினாங்குத் தீவின் கரைகளிலும் கெடாவின் கோல மூடாவிலும் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதே அலை தமிழகக் கரையைக் காலை ஒன்பது மணி வாக்கில் எட்டியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அன்று நம்மவர் செய்த நற்பணிகளை உலகம் கண்டது. நாகூரில் தர்காவுக்குரிய நிலத்தில், இந்து என்றும் முஸ்லிம் என்றும் கிறிஸ்தவர் என்றும் பாராமல் நூற்றுக்கணக்கான மையித்துகளை அடக்கம் செய்தார்கள். நம்மவர் மஹ்மூது பந்தர் என்று வழங்கும் பரங்கிப்பேட்டையில், சுற்றுக் குப்பங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த மீனவ மக்களை அவ்வூர் ஜமாஅத்தார் ஏற்றுக்கொண்டு, உணவு சமைத்துப் போட்டு, தங்க இடமும் கொடுத்தார்கள். சேற்றிலும் முள்ளிலும் கிடந்த உடல்களை வாலிபர்கள் கைகளால் தூக்கி வந்தார்கள். அல்லாஹ் அவர்களுடைய அமல்களைக் கபூல் செய்வானாக!

ஆனால் சகோதரர்களே, இன்று நாம் பேச விரும்புவது அந்த முதல் நாளைப் பற்றியதன்று. முதல் நாளில் கல் மனமும் இளகும். நாம் பேச விரும்புவது நான்காவது மாதத்தைப் பற்றி. சாப்பாட்டுத் தேக்சாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, வந்த லாரிகள் திரும்பிப் போய், பத்திரிகைக்காரர்களும் வேறு செய்தி தேடிப் போன பிறகு, ஒரு சிறிய ஊர் எப்படி எழுந்து நிற்கிறது? அதில் வியாபாரியாகிய நமக்கு என்ன பங்கு? இதுவே கேள்வி.

நாம் அனுப்பிய மூட்டைகள்

முதலில் நமது குற்றத்தை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நமக்கு வயது இருபத்திரண்டு. கிள்ளானில் வாப்பாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தொழில் பழகிக்கொண்டிருந்தோம். செய்தி வந்ததும் நம் பகுதிக் கடைக்காரர்கள் கூடித் துணி மூட்டை சேர்த்தோம். ஊருக்குப் போகும் ஒருவர் மூலம் அனுப்பிவைத்தோம். நமது கடையிலிருந்து இரண்டு மூட்டை போயிற்று. அவற்றில் இருந்ததென்ன? மழையில் நனைந்து கறை படிந்த கைலிகள், மடிப்பில் வெளுத்துப்போன சேலைகள், மூன்று வருஷமாக எவரும் கேட்காத சட்டைகள். அலமாரி காலியாயிற்று, நன்மையும் கிடைத்தது என்று உள்ளூர மகிழ்ந்தோம்.

2005 ஏப்ரலில் வாப்பா நம்மைப் பரங்கிப்பேட்டையிலிருக்கும் தாய்மாமாவைப் பார்த்துவர அனுப்பினார். வழியில் பேருந்து நின்ற ஓரிடத்தில், சாலையோரம் துணிக் குவியலொன்று மழையிலும் வெயிலிலும் மக்கிக் கிடந்தது. ஆடுகள் அதன்மேல் படுத்திருந்தன. நாம் அனுப்பிய மூட்டை அதில் இருந்ததோ இல்லையோ, அல்லாஹ்வே அறிவான். ஆனால் நமது மூட்டை போயிருக்கத்தக்க இடம் அதுதான் என்று அக்கணமே தெரிந்துவிட்டது.

ஸூரத்துல் பகராவிலே அல்லாஹுதஆலா என்ன கட்டளையிடுகிறான்? உழைத்துத் தேடியவற்றில் நல்லதைக் கொடுக்கும்படியும், நமக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டாலொழிய வாங்கமாட்டோமே, அத்தகைய மட்டமானதைத் தேடியெடுத்துக் கொடுக்க வேண்டாமென்றும் எச்சரிக்கிறான். மத்ரஸாவில் இந்த ஆயத்தை நாம் ஓதியிருக்கிறோம். பொருளும் சொல்லித் தந்தார்கள். இருந்தும் அது நமக்கு விளங்கியது அந்தச் சாலையோரத்தில்தான்.

கூடைக்காரப் பெண்ணின் கேள்வி

மாமாவின் மளிகைக் கடை குப்பத்துக்குப் போகும் வழியில் இருந்தது. நாம் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பகலில், மீன் கூடைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். அலைக்கு மகனைப் பறிகொடுத்தவள். தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில், சித்திரை வெயிலில் வெந்துகொண்டு காலம் தள்ளுகிறவள். நாம் மலேசியாவிலிருந்து வந்திருப்பதாக மாமா சொன்னதும், நம்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தம்பி, அரிசி வருது, சேலை வருது, குடம் வருது. எங்கிட்ட இப்போ எட்டுக் குடம் இருக்கு. கூடையும் கைமுதலும் மட்டும் யாரும் தரல. ஏலத்துல மீன் எடுக்கக் காசு வேணுமே? நாலு மாசமாக் கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். இது இப்படியே பழகிப்போயிடுமோன்னு பயமாயிருக்கு,” என்றாள்.

சகோதரர்களே, பல வருஷங்கள் பல அறிஞர்கள் எழுதியதெல்லாம் அவள் சொன்ன அந்த நான்கு வார்த்தைக்குள் அடங்கிவிடும். அந்நாளில் படகு இழந்தவனுக்குப் படகு கிடைத்தது. பல இடங்களில் அலைக்கு முன்னிருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கை கூடியும் போயிற்று. கூலிக்குப் போனவனும் படகுக்காரனாகிவிட, படகில் ஏற ஆள் கிடைக்காத நிலையும் உண்டாயிற்று. ஆனால் படகே இல்லாமல் அக்கடலை நம்பி வாழ்ந்தவர்கள் எத்தனை பேர்! கூடைக்காரப் பெண்கள், வலை பின்னுகிறவர், ஐஸ் சுமக்கிறவர், கருவாடு காயப்போடுகிறவர், டீக்கடைக்காரர், சைக்கிள் பழுது பார்க்கிறவர். இவர்களுடைய பெயர் முதலில் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. கொடுத்தவர்களிடம் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேளாமல் கொடுத்ததே குறை. நமது இரண்டு மூட்டையும் அப்படிக் கேளாமல் போனதுதான்.

நமது நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அன்ஸாரிகளில் ஒருவர் வந்து யாசித்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டார்கள். விரிக்கவும் போர்த்தவும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் சொல்லித் தங்கள் திருக்கரத்தில் ஏந்தி ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்தார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கிவரச் செய்து, அதற்குக் காம்பைத் தாங்களே பூட்டிக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாளைக்குத் தம் முன் வரவேண்டாமென்றும் அனுப்பினார்கள். போனவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வந்தார்.

இந்த ஹதீஸில் நாயகம் அவர்கள் கொடுத்ததென்ன? கேள்வி ஒன்று, கருவி ஒன்று, பதினைந்து நாள் அவகாசம். கூடைக்காரப் பெண் கேட்டதும் அதுவேயல்லவா!

மாமாவின் பற்று நோட்டு

அவளுக்கு மாமா அன்று ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். ஆச்சரியப்பட்டு, அந்த நோட்டை வாங்கிப் புரட்டினோம். அலைக்கு முந்திய பக்கங்களில் குப்பத்துக் கணக்குகள் இருந்தன. சில பெயர்களின்மேல் குறுக்காக ஒரு கோடு.

“இது என்ன மாமா?” என்றோம்.

“வாங்கினவனைக் கடல் கொண்டுபோயிட்டுது. அவன் பெண்டாட்டிகிட்ட நான் நோட்டைத் தூக்கிக்கிட்டுப் போகவா?” என்றார்.

“இருக்கிறவங்க கணக்கு?”

“அது அப்படியே இருக்கு. அவன் வலை வீசட்டும், அவள் கூடை தூக்கட்டும், அப்புறம் கேட்டுக்கலாம். குப்பம் எழுந்தாத்தான்டா எனக்குக் கடை!”

இதைச் சொல்லும்போது அவர் தம்மைத் தியாகி என்று எண்ணிக்கொள்ளவில்லை. அவர் கடையிலும் சரக்கு வற்றியிருந்தது. சிதம்பரத்து மண்டிக்காரருக்கு அவரே பாக்கி. ஆனால் அந்த மண்டிக்காரர், நம் மார்க்கத்தாரல்லர், “கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க பாய்” என்று சொல்லிப் பழைய பாக்கி நிற்கும்போதே புதுச் சரக்கும் அனுப்பியிருந்தார். மண்டிக்காரர் மாமாவுக்குக் கொடுத்த அவகாசத்தை மாமா கூடைக்காரிக்குக் கொடுத்தார். கூடைக்காரி தெருத்தெருவாகப் போய், வீட்டுப் பெண்களுக்கு அவள் அளவில் அவகாசம் கொடுத்தாள்.

ஒரு சிறிய ஊர் என்பது இதுதான் சகோதரர்களே! சுவரும் கூரையும் அவசியமே. தமிழக அரசு மூன்று சென்ட் நிலத்தில் வீடு கட்டித் தரும் திட்டம் போட்டுக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா கொடுத்தது நல்ல காரியம். ஆனால் வீட்டில் விளக்கெரிய வேண்டுமானால் எண்ணெய்க்குக் கடன் கொடுக்க ஒரு கடை வேண்டும். அந்தக் கடைக்குக் கடன் கொடுக்க ஒரு மண்டி வேண்டும். அவகாசமே இந்தச் சங்கிலியின் கண்ணி. நடுவில் ஒருவர் “இன்றைக்கே எண்ணி வை” என்று நின்றுவிட்டால், அலை தொடாத வீடுகளும் இருண்டுபோகும்.

நிலமும் இதே பாடத்தைச் சொல்லிற்று. நாகை மாவட்ட வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறி நின்றது. உப்பு ஒரே நாளில் போகுமா? ஜிப்சம் போட்டு ஆழ உழுது, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுது, பொறுத்திருந்துதான் விளைச்சலைக் கண்டார்கள். மண்ணுக்கே தவணை வேண்டியிருக்கும்போது, மனிதனுக்கு வேண்டாமா?

நமக்கு வந்த சோதனை

மேலே சொன்னதையெல்லாம் கண்ணால் கண்டுவந்த நாம், அதன்படி நடந்தோமா? கேளுங்கள்.

2021 டிசம்பர் 18-ந்தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜனங்கள் கூரைமேல் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். நாமும் நமது கடைப் பையன்களோடு பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். இம்முறை பழைய துணி கொண்டுபோகவில்லை என்பதில் நமக்குப் பெருமைகூட இருந்தது.

அங்கே ரொட்டிச் சானாய்க் கடை வைத்திருந்த சகோதரர் ஒருவர் நமது வாடிக்கைக்காரர். மாவு, மார்ஜரின், சீனி, பால் டின் என்று நமக்கு 3,600 வெள்ளி பாக்கி. வாப்பா மௌத்தான பிறகு கடை நம் கையில். கொரோனாக் காலத்து நஷ்டம் வேறு கழுத்தை நெரித்தது. மூன்றாவது வாரம், பையனிடம் பில்லைக் கொடுத்து அனுப்பினோம். பையன் 200 வெள்ளியோடு திரும்பினான்.

“ஐஸ்பெட்டியைத் திறந்துபோட்டுச் சேறு கழுவிக்கிட்டிருந்தாரு முதலாளி. ‘இப்போதைக்கு இதான் இருக்கு’ன்னு சட்டைப் பையிலேருந்து எடுத்துக் கொடுத்தாரு. நோட்டு ஈரமா இருந்துச்சு,” என்றான்.

அந்த நோட்டுகளைக் கல்லாவில் போட்டோம். ஆம், போட்டோம். இரவு கடை சாத்தும்போது கணக்குப் பார்க்க எடுத்தால், அவை மற்ற நோட்டுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தெடுக்கும்போது மாமாவின் நோட்டும் அதில் போட்டிருந்த கோடுகளும் நம் கண்முன் வந்தன. மாமா அப்போது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் அவர் முகத்தில் விழித்திருக்க முடியாது.

மறுநாள் ஸுபுஹுக்குப் பிறகு நாமே போனோம். 200 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு மூட்டை மாவும் இறக்கினோம். எப்போது கடை திறப்பாரோ அன்றிலிருந்து கணக்கு என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நமது கையைப் பிடித்தார், அவ்வளவுதான். பதினான்கு மாதத்தில் அவர் பாக்கி முழுவதும் தீர்ந்தது.

எல்லாரும் அப்படித் தீர்த்தார்களா என்றால், இல்லை. அவகாசம் கொடுத்த இன்னொருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார். 1,150 வெள்ளி வரவேயில்லை. அதன்மேல் நாமும் ஒரு கோடு போட்டோம். மனம் வலித்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்க வேண்டுமென்றும், அதை ஸதகாவாக விட்டுவிடுவது இன்னும் மேலென்றும் ரப்புல் ஆலமீன் அதே ஸூரத்துல் பகராவில் சொல்லியிருக்கிறானே! தவணை கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஸதகாவின் நன்மை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்களும் நன்மாராயம் கூறியிருக்கிறார்களே! அந்த 1,150 வெள்ளி எங்கும் போகவில்லை. வேறு பேரேட்டில் வரவாகியிருக்கிறது என்று நம்புகிறோம்.

கணக்கும் கருணையும்

“இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்” என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான பயமே. ஆனால் திருமறையின் ஒழுங்கைக் கவனியுங்கள். கடனாளிக்குத் தவணை கொடு என்ற ஆயத்தை அடுத்து ஓர் ஆயத்து விட்டு, கடனை எழுதிக்கொள், சாட்சி வைத்துக்கொள், சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பாதே என்ற கட்டளை வருகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து அதுதான். கருணை காட்டச் சொன்ன இறைவனே கணக்கும் வைக்கச் சொன்னான். மாமா ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தார், நோட்டிலும் எழுதினார். எழுதியதனால்தான் அந்தப் பெண் அதைப் பிச்சையாக வாங்காமல் கடனாக வாங்கி, தலைநிமிர்ந்து போனாள்.

மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஸஃது பின் ரபீஉ (ரலி) அவர்கள் தமது சொத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். இவர்களோ அவருக்காகத் துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று எழுந்து நின்றார்கள். துன்பத்தில் விழுந்தவரில் பெரும்பாலோர் நம்மிடம் கேட்பது அதுவே: கடைத்தெருவுக்கு வழி. அந்த வழியில் கல்லாவைப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாம்.

ஆகையால், இந்த மழைக்காலத்துக்கு முன் நம் சங்கத்தார் மூன்று காரியங்களை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஒன்று: எங்கே கஷ்டம் நேர்ந்தாலும், மூட்டை கட்டுமுன் அங்குள்ள ஒருவரைக் கேட்டுக்கொள்வது. அங்கே வேண்டியது பம்பாக இருக்கலாம், அடுப்பாக இருக்கலாம், கைமுதலாக இருக்கலாம். நாம் உடுத்தத் தயங்கும் துணியை அனுப்புவதில்லை என்று நிய்யத்து வைப்பது.

இரண்டு: வெள்ளத்தில் கடை மூழ்கிய வாடிக்கைக்காரரிடம், அவர் மறுபடி கடை திறக்கும்வரை பழைய பாக்கியைக் கேட்பதில்லை என்று மொத்த வியாபாரிகள் ஒன்றாக முடிவு செய்வது. ஒருவர் மட்டும் செய்தால் அவர் தலையில் பாரம். எல்லாரும் செய்தால் அது ஊர் வழக்கமாகிவிடும்.

மூன்று: சங்கத்தில் கர்ளு ஹஸனா நிதி ஒன்று வைப்பது. வட்டியின் நிழல் படாமல், எழுதி, இரு சாட்சிகளோடு, சிறு கடைக்காரருக்கும் கூடைக்காரருக்கும், முஸ்லிம் என்றும் மற்றவரென்றும் பாராமல் கொடுப்பது. திருப்பிக் கட்ட வழியே இல்லாமற்போன நம் கடனாளிகளுக்கு ஜகாத்தில் பங்கு உண்டென்று ஸூரத்துத் தௌபாவிலே வந்திருக்கிறது. அதைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளலாம்.

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு இருக்கிறது. அந்த மரங்கள் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டதால், அவற்றுக்குப் பின்னாலிருந்த குப்பங்களில் சேதம் குறைந்தது. அந்த மரங்கள் அலை வரும் அன்று முளைத்தவையல்ல. வருஷக்கணக்கில் வேரோடிச் சேற்றைப் பற்றி நின்றவை. நமது சங்கமும் அவ்வாறு முன்கூட்டியே வேர்விட்டு நிற்கட்டும். வெள்ளம் வந்த பிறகு கூட்டம் போடுவதைவிட, வெயிலடிக்கும்போதே நிதியைத் திறந்துவைப்பது புத்திசாலித்தனம்.

யா அல்லாஹ்! அலையில் மௌத்தான நம்மவர்களுக்கு ஷஹீதுடைய தரஜாவைத் தந்தருள்வாயாக! துன்பத்தில் விழுந்த எவரையும் கைநீட்டிப் பழகவிடாமல், அவர்கள் கைக்குத் தொழிலைக் கொடுப்பாயாக! எங்கள் கல்லாவில் ஈர நோட்டுகள் சேராதபடி காப்பாயாக! நாங்கள் எங்கள் கடனாளிக்குக் கொடுக்கும் அவகாசத்தை, நாளை உன் முன்னிலையில் எங்கள் கணக்கு விரிக்கப்படும்போது எங்களுக்கும் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.